குடித்தவர் வண்டியில் ஏறாதே: ஒரு பாடம் வந்த வழி

கொஞ்சம் நீளமான திரெட். பிள்ளை வைத்திருப்பவர்களும், பத்தாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளைகளும் பொறுமையா முழுசும் படிச்சுடுங்க.

1.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள். அரசு மருத்துவமனையில் கேஷுவாலிட்டி டியூட்டி பார்க்கிற டாக்டரை எதற்குக் கூப்பிடுவார்கள்? "சார், நல்லா பயமுறுத்திட்டுப் போங்க" என்று தலைமையாசிரியரே சொல்லிவிட்டார்.

நானும் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். தலைக்காயத்தின் சி.டி. ஸ்கேன், உடைந்த தொடை எலும்பின் எக்ஸ்ரே, நொறுங்கிய பைக் என்று வரிசையாக ஸ்லைடு. ஹாலே அமைதியாக இருந்தது. நன்றாகப் பேசிவிட்டோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

கேள்வி நேரம் வந்தது. பின் வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், குடிச்சுட்டு ஓட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. நாங்க குடிக்கிறதும் இல்ல, ஓட்டுறதும் இல்ல. ஓட்டுறது எங்க அப்பான்னா நாங்க என்ன சார் பண்றது?"

சிலர் சிரித்தார்கள். நிறைய பேர் சிரிக்கவில்லை.

என்னிடம் பதில் இல்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். குடித்துவிட்டு ஓட்டுவது தப்பு என்று உலகம் எப்போது உணர்ந்தது? பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? அந்த மாணவிக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

2.

1897, செப்டம்பர் 10. லண்டன். மோட்டார் கார் என்பதே அப்போது அதிசயம். ஜார்ஜ் ஸ்மித் என்ற 25 வயது டாக்ஸி டிரைவர், தன் எலெக்ட்ரிக் டாக்ஸியை நியூ பாண்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்தின் மேல் ஏற்றிவிட்டார். ஆமாம், எலெக்ட்ரிக் வண்டிதான். குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்காக உலகில் முதன்முதலில் தண்டிக்கப்பட்டவர் என்று பதிவாகியிருப்பவர் இவர்தான். தண்டனை, சில ஷில்லிங் அபராதம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? இரண்டு மூன்று கிளாஸ் பீர் குடித்ததாக ஒப்புக்கொண்டார்.

120 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்ட்ரி போடும்போது நான் கேட்கிற பதில் அதுதான். "ரெண்டே ரெண்டுதான் சார்."

3.

அந்தக் காலத்தில் ஒருவர் குடித்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாடை வருகிறதா, நாக்கு குழறுகிறதா, கோட்டில் நேராக நடக்கிறாரா, அவ்வளவுதான். ஒரு டாக்டர் போதை என்பார். இன்னொரு டாக்டர் இல்லை என்பார். கேஸ் நிற்காது.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன் விஞ்ஞானி எரிக் விட்மார்க். குடித்த மது ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று 1920களில் அளந்து கணக்குப் போட்டவர். இன்றும் தடயவியலில் அவர் பெயரிலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது.

அவர் கணக்கில் நமக்குத் தேவையான ஒரு விஷயம்: சராசரியாக மணிக்கு 100 மி.லி. ரத்தத்தில் 15 மி.கி. அளவுக்குத்தான் மது குறையும். அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கல்லீரல். அதை அவசரப்படுத்த வழி இல்லை. மோர், எலுமிச்சை ஜூஸ், கறுப்புக் காபி, தலையோடு குளியல், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

கல்யாண வீட்டில் ராத்திரி 12 மணிக்கு ஒருவருக்கு 120 மி.கி. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 6 மணிக்கும் 30 மி.கி. பாக்கி இருக்கும். "தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சாச்சு" என்று காரை எடுக்கும்போதும் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த அளவுகோல் கிடைத்ததும் 1936ல் நார்வே ஒரு சட்டம் போட்டது. தள்ளாடுகிறாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி.க்கு மேல் இருந்தால் குற்றம். முடிந்தது கதை.

4.

ஆனால் நடுரோட்டில் எல்லாருக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுக்க முடியுமா?

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலா ஹார்கர், பலூனில் ஊதச் சொல்லி அளக்கும் ஒரு கருவி செய்தார். அந்தக் காற்றை பர்மாங்கனேட் கரைசலில் விட்டால், மது இருக்கிற அளவுக்கு ஊதா நிறம் வெளுக்கும். இண்டியானாபொலிஸ் போலீஸ் அதை முதலில் இறக்கிய நாள் 1938 டிசம்பர் 31. நியூ இயர் ராத்திரி!

அதே இண்டியானாவில் போலீஸ் துறையில் இருந்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954ல் இன்னும் எளிதான கருவியைக் கொண்டு வந்தார். அதுதான் பிரெத்தலைசர். நம் ஊரில் இரவு வாகனச் சோதனையில் ஊதச் சொல்கிறார்களே, அந்தக் கருவிக்குத் தாத்தா.

அவர் கருவியோடு நிற்கவில்லை. 1962-63ல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார். விபத்தில் சிக்கிய சுமார் 6,000 டிரைவர்கள் ஒரு பக்கம். அதே மாதிரி இடம், அதே மாதிரி நேரத்தில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த 7,000க்கும் அதிகமான டிரைவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் ஊதச் சொல்லி ஒப்பிட்டார். மது அளவு ஏற ஏற விபத்து அபாயம் செங்குத்தாக ஏறுவது எண்களில் தெரிந்தது. "நான் குடிச்சாதான் ஸ்டெடியா ஓட்டுவேன்" என்ற வசனம் அன்றைக்கே செத்துப்போனது.

டாக்டராக ஒரு வரி சேர்க்கிறேன். மது முதலில் கெடுப்பது கை காலை அல்ல, மூளையின் கணிப்பை. நான் சரியாக இருக்கிறேனா என்று எடை போட வேண்டிய இடமே முதலில் மங்குகிறது. அதனால்தான் குடித்தவர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பது பல நேரம் பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. ஆகவே, ஓட்டலாமா வேண்டாமா என்று அவரிடமே கேட்டுப் பயனில்லை.

5.

1967ல் பிரிட்டன் 80 மி.கி. என்று எல்லை வைத்தது. கொண்டு வந்தவர் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். கார் ஓட்டாத ஒரு பெண்மணி எங்களுக்குச் சட்டம் போடுவதா என்று கொதித்தார்கள். கொலை மிரட்டல் கடிதங்கள்கூட வந்தன. அவர் பின்வாங்கவில்லை. முதல் வருஷத்திலேயே சாலை மரணங்கள் 1,152 குறைந்தன.

மனிதர்கள் திருந்திவிட்டார்களா? இல்லை. மாட்டுவோம் என்ற பயம் வந்தது. பெரியவர்களுக்கு அது வேலை செய்தது. பிள்ளைகளுக்கு?

6.

இங்கேதான் கதை பள்ளிக்கூடத்துக்கு வருகிறது.

1970களில் அமெரிக்காவில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதை 21லிருந்து 18, 19 என்று இறக்கின. 18 வயதில் ஓட்டுப் போடலாம், போருக்குப் போகலாம், குடிக்கக் கூடாதா என்பது வாதம். அங்கே 16 வயதிலேயே கார் ஓட்டலாம். கையில் சாவியும் பாட்டிலும் ஒன்றாக வந்தன. இளவயது விபத்துகள் கூடின.

1980 மே மாதம், கலிபோர்னியாவில் தெருவோரம் நடந்துபோன 13 வயதுச் சிறுமியைக் குடிபோதையில் இருந்த ஒருவர் கார் ஏற்றிக் கொன்றார். அவர் ஏற்கெனவே இதே குற்றத்துக்காகப் பலமுறை பிடிபட்டவர். சில நாட்களுக்கு முன்னால் நடந்த இன்னொரு சம்பவத்தில் ஜாமீனில் வெளியே இருந்தவர். சிறுமியின் தாய் கேண்டி லைட்னர், குடித்துவிட்டு ஓட்டுபவர்களுக்கு எதிரான தாய்மார்கள் அமைப்பைத் தொடங்கினார். அதுவரை "துரதிருஷ்டம்" என்று சொல்லிக் கடந்துபோனதை "குற்றம்" என்று சொல்ல வைத்தது அந்தத் தாய்மார்கள்தான். 1984ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைத்தது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன.

7.

இதற்கு நடுவில், 1981ல் பாஸ்டன் பக்கத்தில் வேலண்ட் என்ற சிறிய ஊர். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ராபர்ட் அனஸ்தாஸ் என்று ஒரு ஆசிரியர். உடல்நலப் பாடம் எடுப்பவர், ஹாக்கி கோச்சும் கூட. அவருடைய மாணவர்கள் இருவர் அடுத்தடுத்து, தனித்தனி கார் விபத்துகளில் இறந்துபோனார்கள்.

ஒரு வாத்தியாருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அடுத்த நாள் வகுப்பில் அந்த நாற்காலி காலியாக இருக்கும். அதே நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் எடுக்கணும்.

அனஸ்தாஸும் ஒரு சிறு மாணவர் குழுவும் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான மாணவர்கள். அது பள்ளி பள்ளியாகப் பரவியது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் தயாரித்த ஒரு பக்கக் காகிதம். "உயிருக்கான ஒப்பந்தம்" என்று பெயர். பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பிள்ளை தரும் வாக்கு: நான் குடித்திருந்தாலோ, என்னைக் கூட்டிப் போகிறவர் குடித்திருந்தாலோ, எந்த நேரமானாலும், எந்த இடமானாலும் உங்களுக்குப் போன் பண்ணுவேன்.

பெற்றோர் தரும் வாக்கு: எந்த நேரமானாலும் வந்து கூட்டிப் போவேன், அல்லது டாக்ஸிக்குக் காசு தருவேன். அந்த நேரத்தில் கேள்வி கேட்க மாட்டேன், சண்டை போட மாட்டேன். பேச வேண்டியதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

இதோடு இன்னொரு வரியும் உண்டு. நானும் குடித்திருந்தால் ஓட்ட மாட்டேன், குடிக்காத ஒருவரோடுதான் வீடு திரும்புவேன் என்று பெற்றோரும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த மாணவி என்னிடம் கேட்டது இந்த வரியைத்தான்.

அப்போது இதற்கு எதிர்ப்பும் வந்தது. "போன் பண்ணு, திட்ட மாட்டேன்" என்றால் குடிக்க மறைமுக அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டு விழும் என்ற பயத்தில் போதையில் இருப்பவன் பின்னால் ஏறி உட்கார்ந்த பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் பார்த்தவன் நான். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நாளைக்குப் பிள்ளை இருக்கணும்.

8.

இன்னொரு பாணி, நான் பள்ளியில் செய்தேனே, அந்த மாதிரி. பயமுறுத்தும் பாடம்.

1990களில் அமெரிக்கப் பள்ளிகளில் இது பெரிய நிகழ்ச்சியாகவே பரவியது. கறுப்பு அங்கி போட்ட எமன் வேஷக்காரர் வகுப்புக்கு வந்து ஒவ்வொரு மாணவராக அழைத்துப் போவார். போனவர்கள் "இறந்தவர்கள்". மைதானத்தில் நொறுங்கிய காரும், செயற்கை ரத்தமும், நிஜ ஆம்புலன்ஸும் வைத்து விபத்து நாடகம் நடக்கும். மறுநாள் இரங்கல் கூட்டம். பெற்றோர் நிஜமாகவே அழுவார்கள்.

2008ல் கலிபோர்னியாவின் ஓஷன்சைட் நகரில் ஒரு பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. நாடகம் என்று முன்கூட்டிச் சொல்லாமல், உங்கள் நண்பர்கள் விபத்தில் இறந்துவிட்டார்கள் என்று வகுப்பு வகுப்பாகப் போலீஸ் அதிகாரிகளை விட்டு அறிவித்தார்கள். பிள்ளைகள் கதறினார்கள். அப்புறம்தான் பொய் என்று தெரிந்தது. பாடம் மனதில் நின்றதோ இல்லையோ, எங்களிடம் பொய் சொன்னார்கள் என்ற கோபம் நின்றது.

கனடாவில் கொஞ்சம் நிதானமான வழி. டொரன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனை 1986லிருந்து பள்ளி மாணவர்களை ஒரு நாள் உள்ளேயே அழைத்துப் போகிறது. விபத்துக் காயத்தோடு வருகிறவர் போகிற பாதையில் மாணவர்களும் போவார்கள். காயப் பிரிவு, தீவிர சிகிச்சை, மறுவாழ்வு சிகிச்சை. அதிலிருந்து பிழைத்து வந்தவர்களே நேரில் பேசுவார்கள். வேஷம் இல்லை, பொய் இல்லை. பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன.

9.

சரி, இதெல்லாம் பலித்ததா?

2005ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த பள்ளித் திட்ட ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். முடிவைக் கவனமாகப் படியுங்கள்.

வகுப்பறைப் பாடங்களால் மாணவர்கள் குடித்துவிட்டு ஓட்டுவது குறைந்ததா? போதிய சான்று இல்லை.

மாணவர் அமைப்புகள் மட்டும் தனியாகப் பலன் தருகின்றனவா? அதற்கும் போதிய சான்று இல்லை.

ஆனால் ஒன்று பலித்திருந்தது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறுவது குறைந்திருந்தது.

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. பதின்ம வயதில் மூளையின் முன்பகுதி, அதாவது பின்விளைவை யோசித்துப் பிரேக் போடுகிற பகுதி, இன்னும் முழுசா வளர்ந்திருக்காது. அது முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பயத்தைக் காட்டினால் பயப்படுவார்கள், சில வாரத்தில் மறந்தும் போவார்கள். "உயிர் போயிடும்" என்பது வெறும் பயம். "ஏறாதே, எனக்குப் போன் பண்ணு" என்பது கையில் பிடித்துக்கொள்ள ஒரு வேலை. பயத்தோடு அந்த வேலையையும் கொடுத்தால்தான் பாடம் நிற்கும்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லணும். அமெரிக்காவில் இளவயது மது விபத்து மரணங்கள் 1980களுக்குப் பிறகு பெருமளவு குறைந்தன. அதில் பெரிய பங்கு சட்டத்துக்குத்தான். குடிக்கும் வயது 21, கண்டிப்பான சோதனை, 21 வயதுக்குக் கீழே இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் என்ற மது எல்லை. பெரியவர்கள் தங்கள் வேலையைச் செய்த இடத்தில்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

10.

நம் ஊருக்கு வருவோம். இந்தியச் சட்டம் எல்லையை இன்னும் கீழேதான் வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் போனால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சட்டம் இருக்கிறது. ஆனால் திருவிழா முடிந்து மாமா வண்டியில் வீடு திரும்புகிற பிள்ளையின் கூட எந்தச் சட்டமும் உட்கார்ந்து வருவதில்லை.

ஒரு ராத்திரி டியூட்டியில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன். தொடை எலும்பு முறிவு. ஓட்டிய சொந்தக்காரர் வரும்போதே உயிரோடு இல்லை. "அவர் குடிச்சிருந்தது தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் சார். பெரியவங்க வான்னு சொல்றப்ப எப்படி சார் வரலைன்னு சொல்றது?"

நம் வீடுகளில் பெரியவர் பேச்சை மறுப்பது மரியாதைக் குறைவு. அந்த மரியாதைதான் அவனை அந்த வண்டியில் ஏற்றியது.

11.

இப்போது அந்த மாணவிக்கு என் பதில்.

அம்மா, உன் அப்பாவைத் திருத்துவது உன் வேலை இல்லை. சாவியைப் பிடுங்கிச் சண்டை போடுவதும் உன் வேலை இல்லை. ஏறாமல் இருப்பது மட்டும்தான் உன் வேலை. "வயிறு வலிக்குது, வாந்தி வருது, பஸ்ல வர்றேன், அத்தைகூட வர்றேன்" என்று எந்தச் சாக்கும் சொல்லலாம். அந்த நேரத்துப் பொய்யை யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள். பக்கத்தில் தெளிவாக இருக்கிற ஒரு பெரியவரிடம் சொல். போன் பண்ண இரண்டு நம்பர் மனப்பாடமாக வைத்துக்கொள். வீட்டில் அடி உதை என்ற நிலை இருந்தால் 1098க்குக் கூப்பிடு. அது பிள்ளைகளுக்கான உதவி எண். தைரியமாகப் பேசலாம்.

12.

இனி உங்களுக்கு. அதாவது பெற்றோருக்கு, சித்தப்பா மாமாக்களுக்கு.

இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் மூணு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று: யார் குடித்திருந்தாலும், அது நானாகவே இருந்தாலும், அந்த வண்டியில் ஏறாதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு: எத்தனை மணியானாலும் போன் பண்ணு. நான் வர்றேன், இல்லை ஆள் அனுப்புறேன். அன்னிக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

மூணு: குடிக்கிற நாள் அன்னிக்கு நான் வண்டியைத் தொட மாட்டேன்.

மூணாவதைச் சொல்ல முடியாதவர் முதல் இரண்டையும் சொல்லிப் பயனில்லை. பிள்ளைகள் காதை விடக் கண்ணால்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கு அடுத்த மாதம் மறுபடி போகிறேன். இந்தத் தடவை பெற்றோரையும் வரச் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சி.டி. ஸ்கேன் படங்களைக் குறைத்துவிட்டேன். வேலண்ட் பள்ளியில் செய்த மாதிரி ஒரு பக்கக் காகிதம் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். முதலில் கையெழுத்துப் போட வேண்டியது பெரியவர்.

எத்தனை பேர் போடுவார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பயனுள்ளதாக இருந்தால் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். திருவிழாவும் முகூர்த்தமும் வரிசையாக வருகின்றன. எங்கள் கேஷுவாலிட்டிக்குக் கூட்டம் வேண்டாம்.